அலமாரியில் பூத்த பூசணம்



ஜூலை பிற்பகுதியிலோ ஆகஸ்டு தொடக்கத்திலோ ஒரு ஞாயிறு காலை. ஆராதனைக்குப் புறப்படும் அவசரத்தில் படுக்கையறை அலமாரியைத் திறக்கிறீர்கள். ஒரேயொரு முறை உடுத்தி மடித்து வைத்த பட்டுச்சேலையின் மடிப்பில் சாம்பல் நிறத்தில் பொடி பூத்திருக்கிறது. கணவரின் தோல் பெல்ட்டில் பச்சை படர்ந்திருக்கிறது. கதவைத் திறந்தவுடனே மண்ணும் பழைய காகிதமும் கலந்தாற்போன்ற வாடை முகத்தில் அடிக்கிறது. மும்பையிலும் தாணேயிலும் கல்யாண், டோம்பிவிலிப் பக்கங்களிலும் வாழும் நம்முடைய குடும்பங்களில் இந்தக் காட்சியைக் காணாத வீடு அரிது.

அடுத்து நடப்பதும் எல்லா வீடுகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பழந்துணியால் பூசணத்தைத் துடைத்து, நான்கு அந்துருண்டைகளைப் போட்டு, கதவை முன்னிலும் இறுக்கமாய் மூடிவிடுகிறோம். பதினைந்து நாள் கழித்துத் திறந்தால் அது மறுபடியும் அங்கேயே இருக்கிறது. அப்பொழுது பழி யார்மேலாவது விழவேண்டும் அல்லவா? பெரும்பாலும் அது வீட்டு மருமகளின்மேல் விழுகிறது. "ஈரத்துணியை மடித்து வைத்துவிட்டாள்", "அலமாரியைச் சுத்தம் செய்வதே இல்லை" என்னும் வார்த்தைகளை வீடு சந்திப்புகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆகையால் முதலாவது ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லிவிடுகிறேன். பூசணம் சோம்பலினால் வருவதல்ல, ஈரத்தினால் வருவது. ஈரம் எந்த வழியாய் அலமாரிக்குள் வருகிறது என்று கண்டறிந்து அந்த வழியை அடைக்காதவரைக்கும், வாரந்தோறும் துடைத்தாலும் அது திரும்ப வரும்.

நம்மில் அநேகருக்கு இந்தத் தொல்லை புதியது என்பதையும் மறந்துவிடக் கூடாது. திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்தவர்கள் நாம். தூத்துக்குடிப் பக்கத்தில் வருடம் முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 650 மில்லிமீட்டர். மும்பையிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவானது. தூத்துக்குடி ஒரு வருடத்தில் காணும் மழையைவிட அது அதிகம். ஊரில் நம்முடைய தாய்மார் துணிகளைத் தகரப்பெட்டியில் வைத்தார்கள். வெயில் நாளில் பெட்டியைக் காலிசெய்து முற்றத்தில் காயப்போட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பு சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூசணம் எளிதில் பிழைக்காது என்பது அவர்களுக்குத் தெரியாதிருந்திருக்கலாம். ஆனாலும் அந்த வழக்கம் வீட்டைக் காத்தது. இங்கேயோ நமக்கு முற்றமும் இல்லை, வெயிலும் இல்லை. ஜிப்சம் பட்டி பூசி எமல்ஷன் அடித்த சுவரோடு சேர்த்து ஆணியறைந்த பிளைவுட் அலமாரி இருக்கிறது. ஊர்ப் பழக்கம் இங்கே அப்படியே செல்லாது.

பூசணம் என்பது பூஞ்சை வகையைச் சேர்ந்த உயிர். அதன் வித்துக்கள் கண்ணுக்குத் தெரியாத தூளாய் எல்லாக் காற்றிலும் மிதக்கின்றன. எந்த வீட்டையும் அவற்றினின்று முற்றிலும் விலக்கி வைக்க முடியாது. அவற்றுக்கு உணவும் தட்டுப்படுவதில்லை. துணியில் ஒட்டிய வியர்வை, புத்தகத்தின் பசை, தோல், பிளைவுட், தூசி யாவும் அவற்றுக்கு ஆகாரமே. வெளிச்சம் தேவையில்லை. நம் நகரத்தின் வெப்பம் அவற்றுக்கு ஏற்றதாகவே இருக்கிறது. மீதி வேண்டியது நீர் ஒன்றே. ஒரு பொருளின் மேற்பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் சில நாட்கள் நீடித்தால் வித்து முளைக்கிறது. 60 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் வளராது. நனைந்த பொருளை 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் நன்றாய் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது. மும்பையின் ஜூலை மாதக் காற்றே 80 சதவீதத்துக்கு மேல் ஈரமாயிருப்பதால், அலமாரிமேல் தண்ணீர் சொட்டவேண்டும் என்னும் அவசியமில்லை, காற்றே போதும்.

ஈரப்பதத்தை அளக்கும் சிறு கருவிகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. வாங்க இயலாதவர்கள் சமையலறையிலுள்ள உப்புச் சாடியைப் பார்க்கலாம். தூள் உப்பு ஏறக்குறைய 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலுள்ள நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். உப்பு கட்டிப்பட்டு நீர் விடுகிற நாளிலே அலமாரிக்கும் ஆபத்து தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். நம்முடைய பாட்டிமார் இதைப் பார்த்தே மழையைச் சொன்னார்கள்.

வெளியே பெய்யும் மழையை நாம் நிறுத்த முடியாது. ஆனால் வீட்டுக்குள்ளே நாமே எவ்வளவு தண்ணீரைக் காற்றில் கலக்கிறோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? சமையல் எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்வதற்குள் சுமார் 22 லிட்டர் தண்ணீரை ஆவியாய் வீட்டுக்குள் விட்டுவிடுகிறது. சோறு கொதிக்கும் ஆவியும் குழம்பின் ஆவியும் இதற்கு மேல். நான்கு பேர் உறங்கும் அறையில் மூச்சாலும் வியர்வையாலும் ஓர் இரவில் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் காற்றில் சேர்கிறது. ஒருமுறை துவைத்த துணிகளை அறைக்குள் கொடி கட்டி உலர்த்தினால் இன்னும் இரண்டு லிட்டர். குடிசை மறுவாழ்வுத் திட்டத்தின் பழைய கட்டடங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த இடம் 225 சதுர அடி, பிற்பாடு 269. அதற்குள்ளே சமையல், தூக்கம், துணி உலர்த்தல், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் நடக்கவேண்டும். அந்த ஆவிக்குப் போக்கிடம் எங்கே? வீட்டிலேயே குளிர்ந்த, காற்றோட்டமில்லாத மூலையைத் தேடிப் போய் அது தங்குகிறது. அந்த மூலையில்தான் நாம் அலமாரியை நிறுத்தியிருக்கிறோம்.

துணியைக் குறித்தும் ஒரு வார்த்தை. கைக்கு ஈரமே தெரியாத பருத்தித் துணியிலும் அதன் எடையில் 7, 8 சதவீதம் நீர் இருக்கும். மழைக்காலத்தில் அது இன்னும் உயரும். பாலியெஸ்டரில் 1 சதவீதங்கூட இராது. இருபது கிலோ பருத்தி வேட்டிகளும் சேலைகளும் போர்வைகளும் அடுக்கிய அலமாரியில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்று கணக்கிடலாம். அதே அலமாரியிலுள்ள காற்றிலோ 30 கிராம் நீர்கூட இராது. மருந்துப் புட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டு, அது எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

சுவரின் வழியாய் வரும் ஈரம்

காற்றின் ஈரம் ஒரு வழி. சுவரின் ஈரம் மற்றொரு வழி. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இந்தக் காரியத்தில் முக்கியமானது. ஏனென்றால் ஒன்றுக்கான பரிகாரம் மற்றொன்றுக்கு உதவாது.

அலமாரியின் பின்சுவர் எதன்மேல் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். தென்மேற்கு முகமான வெளிச்சுவரா? காற்றோடு அடிக்கும் மழையை நான்கு மாதங்கள் தாங்குவது அந்தச் சுவர்தான். குளியலறைச் சுவரா? அதற்குள் புதைத்த குழாய் கசியலாம். மேல்மாடி வீட்டாரின் கழிப்பறை உங்கள் அலமாரிக்கு நேர் மேலே இருக்கிறதா? கடைசி மாடியென்றால் மொட்டைமாடியின் விரிசலைப் பாருங்கள். தரைத்தளமென்றால் மண்ணின் ஈரம் சுவரில் ஏறி முழங்கால் உயரம் வரைக்கும் கறை காட்டும். சுவரில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது பூசணமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. அதன்மேல் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். கரைந்துபோனால் அது உப்பு. செங்கல்லிலும் சிமெண்டிலும் இருந்த உப்பைத் தண்ணீர் வெளியே கொண்டுவந்திருக்கிறது, அதாவது சுவருக்குள் நீர் நடமாடுகிறது என்று பொருள்.

ஒரு எளிய சோதனையும் உண்டு. அலமாரியைச் சற்று நகர்த்தி, ஓர் அடிக்கு ஓர் அடி அளவுள்ள தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவினால் இடைவெளியின்றி ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறத்தில், அதாவது சுவர்ப் பக்கத்தில், நீர் கோர்த்திருந்தால் கசிவு சுவரின் வழியாய் வருகிறது. அறைப்பக்கத்தில் பனித்திருந்தால் வீட்டுக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது.

சுவர் ஏன் குளிர்கிறது? அதற்கும் காரணம் உண்டு. 28 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறக்குறைய 25 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அதன்மேல் நீராய்ப் படியும். அடுத்த அறையிலோ பக்கத்து வீட்டிலோ ஏசியை 20 டிகிரியில் இரவெல்லாம் ஓடவிட்டால், நடுச்சுவர் குளிர்ந்து, உங்கள் அலமாரியின் முதுகு வியர்க்கும். அவர்கள் வீட்டில் பூசணம் இராது. உங்கள் வீட்டில் இருக்கும். பக்கத்து வீட்டாரோடு சண்டைக்குப் போவதைவிட அலமாரியை அந்தச் சுவரைவிட்டு நகர்த்துவது எளிது.

வேதாகமத்தை வாசிக்கிற நமக்கு இந்தக் காரியம் முற்றிலும் அந்நியமானதல்ல. லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி ஆட்டுமயிர், சணல், தோல் பொருட்களில் தோன்றும் தோஷத்தையும், 14-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி வீட்டுச் சுவரில் காணும் தோஷத்தையும் குறித்துப் பேசுகின்றன. பச்சையும் சிவப்புமான அந்தக் கறைகள் பூசணமாயிருக்கலாம் என்பது வேத பண்டிதர் பலருடைய கருத்து. எபிரெய மொழியில் மனிதனுடைய தோல் வியாதிக்கும் சுவரின் கறைக்கும் ஒரே சொல் வழங்கியபடியால், நம் தமிழ் வேதாகமமும் இரண்டுக்கும் குஷ்டம் என்றே எழுதுகிறது. அங்கே கட்டளையிடப்பட்ட ஒழுங்கைக் கவனியுங்கள். ஆசாரியன் வந்து பார்க்குமுன்பே வீட்டிலுள்ள பொருட்களை வெளியேற்றிவிட வேண்டும். பிறகு பார்வையிட வேண்டும். ஏழு நாள் பூட்டி வைத்து, மறுபடியும் பார்க்க வேண்டும். கறை பரவியிருந்தால் அந்தக் கல்லையே பெயர்த்து, உட்சுவரைச் சுற்றிலும் செதுக்கி, அந்த மண்ணைப் பட்டணத்துக்குப் புறம்பே கொட்டி, புதிய கல்லும் புதிய சாந்தும் வைக்க வேண்டும். கறை படிந்த கல்லை விட்டுவிட்டு மேலே சாந்து பூசி மறைக்கும்படி அங்கே சொல்லப்படவில்லை. நம்மில் எத்தனை பேர் தீபாவளித் தள்ளுபடியில் பெயின்ட் வாங்கி ஈரச் சுவரின்மேல் அடித்துவிட்டு, அடுத்த ஜூலையில் அது அப்பளம்போல் உப்பி உரிவதைப் பார்த்திருக்கிறோம்!

சிலர் சுவரின் கருங்கறையில் ஒரு முகத்தையே கண்டு, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கலங்கி என்னிடம் வந்ததுண்டு. அவர்களுக்காக ஜெபித்தேன். மேல்மாடிக் குழாயையும் பார்க்கச் சொன்னேன். கசிகிற குழாய்க்கான கனத்தைச் சாத்தானுக்குக் கொடுக்கத் தேவையில்லை.

சரீரத்துக்கு வரும் கேடு

துணி போனால் வேறு துணி வாங்கலாம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது துணியல்ல. ஒரு வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூன்று மாதமாய் இரவு இருமல். மூச்சு இரைத்து எழுந்து உட்கார்ந்துவிடுவான். பகலில் பள்ளியில் நன்றாயிருப்பான். ஒரே அறை வீடு. பிள்ளையின் படுக்கை அலமாரியின் காலடியில். ஜெபம் முடிந்தபின் அலமாரியை நகர்த்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். நகர்த்தினோம். அதன் முதுகும் சுவரும் இடுப்பு உயரத்துக்குக் கறுத்திருந்தன. மேல்வீட்டுக் குளியலறைக் குழாயில் கசிவு. குழாயைச் சரிசெய்து, சுவரைச் செதுக்கி உலர்த்தி, பிள்ளையின் படுக்கையை எதிர்மூலைக்கு மாற்றினார்கள். மருத்துவர் கொடுத்த இன்ஹேலரும் தொடர்ந்தது. இரைப்பு முற்றிலும் போய்விட்டது என்று சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை இரவில் தூங்குகிறான். அவன் தாயும் தூங்குகிறாள்.

வீட்டு ஈரத்தையும் பூசணத்தையும் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வழிகாட்டு நூலொன்றை வெளியிட்டது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு இருமல், இரைப்பு, ஆஸ்துமா, சுவாச நோய்கள் அதிகம் காணப்படுகின்றன என்று அது தெளிவாய்க் கூறுகிறது. கறுப்பு நிறமென்றால் விஷம், வெள்ளையென்றால் பாதகமில்லை என்னும் பேச்சில் சாரமில்லை. எந்த நிறமானாலும் அகற்றவேண்டும். செத்த பூசணமும் ஒவ்வாமையை உண்டாக்கும்; ஆகையால் மருந்தடித்துக் கொன்றால் மட்டும் போதாது, துடைத்து எடுத்துவிட வேண்டும். முன்பு காசநோய் வந்து நுரையீரலில் குழிவு தங்கியவர்கள் பூசணத்தைக் கையாளவே வேண்டாம். அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை அந்தக் குழிவில் குடியேறக்கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை அலமாரியின்மேல் போட்டுவிட்டுச் சும்மா இராமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு இன்ஹேலர் கொடுப்பதை அவிசுவாசம் என்று எண்ணி நிறுத்திவிட்ட பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஜெபிக்கிற கை மருந்தையும் எடுத்துக் கொடுக்கலாம்.

அந்துருண்டையைக் குறித்து எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அது நாப்தலீன். பூச்சியைத்தான் விரட்டும், பூசணத்தைத் தடுக்காது, ஈரத்தையும் உறிஞ்சாது. ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாய்ப் பிறந்த குழந்தைகளுக்கு, அந்துருண்டையோடு வைத்திருந்த துணியைச் சுற்றினாலே சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான காமாலை வரலாம். ஊரிலிருந்து பாட்டி அனுப்பிய பழைய தொட்டில் துணியானாலும் நன்றாய்த் துவைத்து வெயிலில் உலர்த்தாமல் பச்சிளங்குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள். அந்தக் குறை நம் பிள்ளைக்கு உண்டா இல்லையா என்று முன்கூட்டியே அறிந்தவர்கள் நம்மில் மிகச் சிலரே.

சுத்தம் செய்யும் விதம்

மழை விட்ட ஒரு நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். என்-95 முகக்கவசமும் ரப்பர் கையுறையும் அணிந்து, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். விசிறி ஓடினால் வித்துக்கள் அறை முழுவதும் பரவும். உலர்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டுவது எல்லாவற்றிலும் கெட்ட முறை. முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, சோப்புத்தூள் கரைத்த நீரில் முக்கிப் பிழிந்த துணியால் துடைத்து எடுங்கள். துணி அழுக்கானவுடன் அதையே திரும்பத் திரும்ப முக்காமல், பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி எறிந்துவிடுங்கள். இரும்பு பீரோவும் லேமினேட் ஒட்டிய பலகையும் இவ்விதமாய்ச் சுத்தமாகிவிடும். உப்பி நார்நாராய்ப் பிரிந்த பிளைவுட் மட்டும் சுத்தமாகாது. அதை மாற்றத்தான் வேண்டும். துடைத்து முடித்தபின் கதவுகளைத் திறந்து வைத்து, அப்பொழுது மின்விசிறியை ஓடவிட்டு, ஒன்றிரண்டு நாள் உலர்த்திய பிறகே துணிகளை உள்ளே வையுங்கள். பத்துச் சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால் வீட்டார் தாமே செய்யாமல் வேலையாட்களை வைத்துச் செய்வது நலம்.

பிளீச்சிங் திரவம் டைல்ஸுக்குச் சரி. சுவர்ப்பூச்சிலும் மரத்திலும் அது மேலே நிறத்தை வெளுக்கும். அதிலுள்ள தண்ணீரோ உள்ளே இறங்கி, வேருக்கு நீர் ஊற்றினது போலாகிவிடும். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங்கை ஒருபோதும் கலக்காதீர்கள். உடனே குளோரின் வாயு கிளம்பும். சிறு குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

பருத்தித் துணிகளை வெந்நீரில் துவைக்கலாம். பட்டுச்சேலையைத் தண்ணீரில் போடாமல், வெளியே கொண்டுபோய் மென்மையான பிரஷால் பொடியைத் தட்டி, நிழலில் காற்றாட விட்டு, தேவைப்பட்டால் டிரைகிளீனிங்கிற்குக் கொடுங்கள். பிறகு மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். ஞானஸ்நானச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், பழைய வேதாகமம், குடும்பப் புகைப்படங்கள் ஆகியவற்றை ஈரமாயிருக்கும்போது தேய்க்கக் கூடாது, மை கரைந்துவிடும். முதலில் நிழலில் நன்றாய் உலரட்டும். பிறகு வெளியே வைத்துத் தூரிகையால் மெதுவாய்த் தட்டுங்கள். முற்றிலும் உலர்ந்த பின்பே பிளாஸ்டிக் கோப்பில் இடுங்கள். ஈரத்தோடு இட்டு மூடினால் கோப்புக்குள்ளேயே பூசணத்தைப் பயிரிட்டதாகும்.

மறுபடியும் வராதபடி

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நான்கு அங்குலம் இடைவெளி விடுங்கள். இடமில்லை என்பீர்கள், இரண்டு அங்குலமாவது விடுங்கள். பீரோவின் கால்களுக்குக் கட்டை வையுங்கள். சுவரோடு பதித்த அலமாரியானால் கதவின் மேலும் கீழும் காற்றுத் துளைகள் போடச் சொல்லுங்கள். தச்சருக்கு அது அரைமணி நேர வேலை. துணிகளை நெருக்கி அடுக்காதீர்கள். ஒருமுறை உடுத்திய உடையை உள்ளே தொங்கவிடாதீர்கள். மழைக்காலத்துத் துணியை வைப்பதற்குச் சற்று முன்பு இஸ்திரி போட்டு, சூடு ஆறினபின் வையுங்கள். கைக்குத் தெரியாத ஈரத்தை இஸ்திரி விரட்டிவிடும். நான் அறிந்தவரையில் செலவில்லாத வழிகளில் இதைவிடச் சிறந்தது இல்லை.

சமைக்கும்போது எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிடுங்கள். அடுப்பை அணைத்தபின்னும் பத்து நிமிடம் ஓடட்டும். துணியை உள்ளே உலர்த்தியே ஆகவேண்டுமென்றால் படுக்கையறையில் வேண்டாம். அடைமழை நாளில் ஜன்னலைத் திறந்து வைத்து அலமாரியைக் காற்றாட விடுவதில் பிரயோஜனமில்லை. உள்ளே வருவது இன்னும் ஈரமான காற்றே. ஏசி உள்ளவர்கள் ஜன்னலை மூடி, "டிரை" என்னும் முறையில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, அந்நேரத்தில் அலமாரிக் கதவைத் திறந்து வைக்கலாம். பழைய பம்பாய் வீடுகளில் அலமாரிக்குள் சிறு குண்டு பல்பை எரியவிடுவார்கள். 28 டிகிரியிலிருந்து 31 டிகிரிக்குக் காற்று சூடானால் 85 சதவீத ஈரப்பதம் 72 சதவீதமாய்க் குறையும், முறை தவறானதல்ல. ஆனால் துணிகளின் நடுவே சூடான பல்பு தீப்பிடிக்க ஏதுவானது. அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எல்இடி பல்பில் அந்தச் சூடும் கிடையாது. கடைகளில் விற்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் உண்மையிலேயே தண்ணீரை இழுக்கின்றன. இறுக்கமாய் மூடும் சிறு அலமாரியில் பயன் உண்டு. டப்பாவில் சேரும் திரவம் தோலையும் துணியையும் கெடுக்கும். கவிழாமல் வைத்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி காத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் பொதுவாய் ஏப்ரல், மே மாதங்களில் தேடுகிறார்கள். அப்பொழுது எல்லாச் சுவரும் புதுப் பெயின்டில் அழகாயிருக்கும். ஆகையால் அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே முகர்ந்து பாருங்கள். கூரையும் வெளிச்சுவரும் சேரும் மூலையைத் தொட்டுப் பாருங்கள். சுவரில் அறைந்த ஆணி துருப்பிடித்திருக்கிறதா, சுவிட்சுப் பலகையின் திருகுகள் பச்சை பூத்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். கட்டடத்துக்கு மழைக்காலத்தில் தாட்பத்ரி கட்டுவார்களா என்று காவலாளியைக் கேளுங்கள். உரிமையாளர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார். கசிவு இருந்தால் பழுதுபார்ப்பது யார் பொறுப்பு என்பதை 11 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன்பே எழுதி வாங்குங்கள். குடிவந்த நாளிலே எல்லாச் சுவர்களையும் படம் எடுத்து வைத்தால், முன்பணம் திரும்பப் பெறும் நாளில் வீண்வாதம் இராது.

சொந்த வீட்டுக்காரர்கள் சொசைட்டியின் உபவிதிகளை ஒருமுறை வாசியுங்கள். மகாராஷ்டிர மாநிலத்தின் மாதிரி உபவிதிகளின்படி, மழையினால் வெளிச்சுவரில் உண்டாகும் கசிவையும், பொதுக் குழாய்களின் கசிவையும், மொட்டைமாடி வழியாய்க் கடைசி மாடிக் கூரைக்கு வரும் கசிவையும் சரிசெய்வது சொசைட்டியின் பொறுப்பு. ஒரு வீட்டுக்குள்ளிருக்கும் கழிப்பறை, தொட்டி முதலியவற்றின் கசிவு அந்த வீட்டுக்காரரைச் சேரும். மேல்வீட்டார் மராட்டியரோ குஜராத்தியரோ, முதலில் ஒருமுறை நேரில் போய் அவர்களை அழைத்துவந்து சுவரைக் காட்டுங்கள். அநேகர் தங்கள் குழாய் கசிவதையே அறியாதிருக்கிறார்கள். பிறகு எழுத்தில் கொடுங்கள். ஜூலையில் கொடுக்கும் மனுவுக்கு, மழை முடியட்டும் என்பதே பதிலாய் வரும். மனுவை அக்டோபரில் கொடுங்கள். தேதியிட்ட ஜூலை மாதப் படங்களை அதனோடு இணைத்து, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் செயலாளரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மொட்டைமாடி வேலையும் வெளிச்சுவர் விரிசல் வேலையும் டிசம்பர் தொடங்கி மே வரைதான் நடக்கும். சுவர் உலர அதன்பின் சில வாரங்களாவது ஆகும். பெயின்ட் அதற்குப் பிறகு.